மால்போர்க்கை இந்த முறை விடுங்கள்

போலந்தின் ஓல்ஷ்டின் நகரில் தங்கி, வாடகைக் காரில் இரண்டே நாளில் மால்போர்க் கோட்டை உட்பட ஆறு இடம், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். மால்போர்க்கை எடுத்துவிடுங்கள். அந்தக் கோட்டை மட்டுமே ஒரு நாளைத் தின்றுவிடும். பிறகு க்தான்ஸ்க் நகருக்குப் போகும்போது அங்கிருந்து ரயிலில் சுலபமாகப் போய் வரலாம்.

முதல் நாள் ஓல்ஷ்டின் கோட்டை. கோப்பர்நிக்கஸ் தன் கையால் சுவரில் வரைந்த வானியல் அட்டவணை அங்கே இன்னும் இருக்கிறது. மதியம் லிட்ஸ்பார்க் வார்மின்ஸ்கி கோட்டை. இரண்டடுக்கு வளைவுத் தாழ்வாரம் சூழ்ந்த அதன் முற்றம் அவ்வளவு அழகு! இரண்டு கோட்டைகளும் அருங்காட்சியகங்கள் என்பதால் திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது.

மறுநாள் ரெஷெல் கோட்டை. அதன் கோபுரப் படிகளில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், அம்மா வேண்டாம். அங்கிருந்து ஷ்வியென்டா லிப்கா தேவாலயம் ஆறு கிலோமீட்டர்தான். அம்மாவுக்கு உண்மையில் பிடிக்கப்போவது இந்தத் தேவாலயம்தான் என்று நினைக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே 1721இல் செய்து முடித்த அங்குள்ள ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியைக் கேட்கலாம். வாசிக்கும்போது மேலே உள்ள பொம்மைகள் அசையும்: கபிரியேல் தேவதூதர் குனிந்து வணங்க, மரியாள் தலையசைப்பார். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். எனவே ஆர்கன் வாசிக்கும் நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். நேரம் மிஞ்சினால் உங்கள் பட்டியலில் மீதியுள்ள கென்ட்ஷின் ஊருக்கும் போகலாம், இல்லாவிட்டால் பரவாயில்லை.