காட்டில் கச்சேரி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் நான்கு நண்பர்கள், நான்கு ஊர்களில் இருக்கிறோம். ஒருவர் வயலின், ஒருவர் புல்லாங்குழல், நான் கீபோர்டு. நான்காமவர் எதுவும் வாசிப்பதில்லை. ஆனால் விடியற்காலையில் மைக்கும் ரெக்கார்டருமாகக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் அனுப்பிய ஒரு நீண்ட பதிவை வைத்து 12 நிமிட இசைக்கோவை ஒன்று செய்தோம். அடியில் நான் கடைசிவரை கீபோர்டில் ஒரு பேட், அதாவது விடாமல் நீளமாக ஒலிக்கும் சுரக்கூட்டு, பிடித்தேன். அதன்மேல் வயலின், அப்புறம் குழல் என்று அவரவர் வீட்டிலிருந்தே ட்ராக் சேர்த்தோம்.

முடித்துவிட்டுக் கேட்டால் தியான வகுப்பில் பின்னணியில் ஓடும் இசை மாதிரி இருக்கிறது. பறவைகள் பின்னால் எங்கோ கத்துகின்றன, முன்னால் நாங்கள் வாசிக்கிறோம். இரண்டுக்கும் ஒட்டே இல்லை. பறவையின் குரலை அப்படியே வாத்தியத்தில் கொண்டுவர வேண்டுமா? பதிவில் தூரத்தில் ஒரு லாரி போகிறது, அதை நீக்கிவிடலாமா? இன்னொரு விஷயம். 'இசை' என்று எங்கள் மூவர் பெயரையும் 'ஒலிப்பதிவு' என்று அவர் பெயரையும் போட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனசில் வருத்தம் இருக்கிறது போலத் தெரிகிறது.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவர் வருத்தம் நியாயமானது. மைக்கை ஓடைக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் மட்டும்தான் கிடைக்கும். பத்தடி தள்ளி ஒரு அடிமரத்துக்குப் பின்னால் வைத்தால் தண்ணீர் அடங்கி, இலைமேல் சொட்டும் பனி கேட்கும். எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது, எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் இசையமைப்பாளர் எடுக்கிற முடிவுகள். லூக் ஃபெராரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு மீனவ ஊரின் விடியற்காலை ஒலிகளைப் பதிவு செய்து, சுமார் இருபது நிமிடத்துக்குச் சுருக்கி, 1970இல் இசைப் படைப்பாகவே வெளியிட்டார். வாத்தியம் கிடையாது. படகு எஞ்சின், பேச்சுக்குரல், பூச்சிச் சத்தம், அவ்வளவுதான். எதை எடுப்பது, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதுதான் அவர் செய்த வேலை. ஆகவே நான்கு பெயரையும் ஒரே வரியில் போடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அவரை இசைக்கு வெளியே நிறுத்தியதால் அவர் கொண்டுவந்த காடும் வெளியே நின்றுவிட்டது.

அகநானூற்றின் 82ஆம் பாடலில் கபிலர் ஒரு மலைச்சாரலைக் கச்சேரி மேடையாகவே பார்க்கிறார். துளைபட்ட மூங்கிலில் மேல்காற்று புகுந்து குழல் ஆகிறது. அருவி முழவு. கலைமான்களின் கடுங்குரல் தூம்பு என்ற ஊதுவாத்தியம். மலைச்சாரல் வண்டுகள் யாழ். மந்திகள் வியந்து பார்க்க, மயில் விறலிபோல, அதாவது அக்கால ஆடல்மகள்போல, ஆடி வருகிறது. உவமை அழகுக்காகவே இந்தப் பாட்டைப் படித்துப் பழகியிருக்கிறோம். இசையமைக்கிறவராக ஒருமுறை படித்துப் பாருங்கள். அருவி ஓயாமல் ஒலிப்பது. மான் எப்போதாவது குரல் கொடுப்பது. காற்று வந்தால்தான் மூங்கில் பேசும். வண்டின் ரீங்காரம் மெலிதாக, பூவை ஒட்டியே இருப்பது. இத்தனை ஒலி இருந்தும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் ஏறி உட்காரவில்லை.

இதே பக்கமாக நம் காலத்தில் யோசித்தவர் பெர்னி க்ராஸ். சிந்தசைசர் கலைஞராக இருந்து காட்டொலிப் பதிவுக்கு வந்தவர். ஓரிடத்தின் உயிர்கள் அலைவெண்ணையும் நேரத்தையும் பங்கு போட்டுக்கொண்டு ஒலிக்கின்றன என்றார். எல்லாக் காட்டுக்கும் இது பொருந்துமா என்று ஆய்வாளர்களிடம் இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால் கூட்டாக இசை அமைக்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கருத்து கிடைக்காது என்று நினைக்கிறேன். 2003இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பட்டாணிக் குருவி இனத்தைச் சேர்ந்த பறவைகளை ஆராய்ந்தபோது, இரைச்சல் அதிகமான தெருக்களில் இருப்பவை தங்கள் பாட்டின் தாழ்ந்த சுரங்களைக் கொஞ்சம் உயர்த்திப் பாடுவது தெரிந்தது. ஒரு குருவியே காலியிடம் பார்த்துத்தான் பாடுகிறது.

உங்கள் பதிவை ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது எந்த நேரத்தில் எந்த அலைவெண் ஒலிக்கிறது என்று காட்டும் படமாக, பாருங்கள். சில்வண்டு இருந்தால் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ ஒரு பட்டையாக ஓடும். சிறு பறவைகள் பெரும்பாலும் 2இலிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வரை கோடு கோடாகத் தெரியும். கீழே காற்றும் உங்கள் லாரியும் இருக்கும். இப்போது உங்கள் பேட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு இடைவெளி விடாமல் நிரப்பியிருக்கும். அந்த இசை தியான வகுப்பாக மாறியது அதனால்தான். விடாமல் ஒலிக்கிற அடித்தளம் காட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கனடாவின் இசையமைப்பாளர் மரே ஷேஃபர் ஒலிநிலத்தைப் பற்றி, அதாவது ஓரிடத்தின் மொத்த ஒலிச்சூழலைப் பற்றி, எழுதும்போது இப்படிப்பட்ட ஒலியை அந்த இடத்தின் ஆதார சுருதியாகவே சொல்கிறார். காடு சுருதி பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் இன்னொரு சுருதிப்பெட்டியைப் போட்டால் எது நிற்கும்?

பேட்டை எடுத்துவிடுங்கள். சில்வண்டின் சுருதியை அளந்து பாருங்கள். 4,400 ஹெர்ட்ஸ் என்று வந்தால் நான்கு ஸ்தாயி இறக்க 275 ஹெர்ட்ஸ். வயலினுக்கும் குழலுக்கும் சௌகரியமான இடம். அதையே ஆதாரமாக வைத்து வாசியுங்கள். கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஒட்டு தெரியும்.

அடுத்தது நீங்கள் வேலை செய்த முறை. ஒருவர் மாற்றி ஒருவர் ட்ராக் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் காலியிடம்தான் கண்ணில் படும், அதை நிரப்பத்தான் கை போகும். வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் நால்வரும் ஒரே நேரத்தில் அவரவர் ஹெட்போனில் அந்தப் பதிவை முழுக்கக் கேளுங்கள். எது விடாமல் ஒலிக்கிறது, எது வந்து வந்து போகிறது, எது ஒரே ஒருமுறை வருகிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். அப்புறம் நான்கு தாளையும் பக்கத்தில் வையுங்கள். நிச்சயம் ஒன்றுபோல இருக்காது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் இசை தொடங்க வேண்டும். யார் எங்கே வாசிப்பது என்பதற்கு முன்னால் யார் எங்கே சும்மா இருப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். மற்றவர் ட்ராக்கிலிருந்து நீக்கும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கட்டும். நட்பு தாங்கும்.

இணையத்தில் சேர்ந்து வாசிக்கவும் ஆசை வரும். தாமதம் 25, 30 மில்லிநொடியைத் தாண்டினால் தாளம் இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே தாளத்தில் கைவைக்காதீர்கள், நீண்ட சுரங்களாக வாசியுங்கள். வெட்டவெளியிலும் இதே கதைதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, எனவே 34 மீட்டர் தள்ளி நிற்பவரின் அடி பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் வரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் லூதர் ஆடம்ஸ் 2009இல் 'இனுக்சூட்' என்ற படைப்பை 9 முதல் 99 தாளவாத்தியக்காரர்களுக்காக எழுதினார். திறந்தவெளியில் பரவி நின்று வாசிப்பார்கள், நடத்துநர் கிடையாது. எல்லோரும் ஒரே நொடியில் அடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே அவர் விட்டுவிட்டார். கேட்பவர்கள் நடுவே நடந்துகொண்டே கேட்கிறார்கள்.

பறவையைப் போல வாசிக்க வேண்டியதில்லை. வாசித்தாலும் பறவை நம்மைவிட நன்றாகவே பாடும். பின்லாந்தின் இசையமைப்பாளர் ரௌதவாரா 1972இல் ஆர்க்டிக் பறவைகளின் பதிவையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்து ஒரு படைப்பு செய்தார். அதன் நடுப்பகுதியில் ஒரு வானம்பாடி வகையின் குரலை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கியிருக்கிறார். சின்னஞ்சிறு பறவை பூதம்போல ஒலிக்கிறது. போலச் செய்வதைவிட இப்படிக் கிட்டே போய்ப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனம். பதிவு செய்த குரலைக் காட்டிலேயே ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள், முக்கியமாகக் கூடுகட்டும் காலத்தில். எதிரி வந்துவிட்டதென்று அந்தப் பறவை வேலையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

லாரிக்கு வருகிறேன். கனடாவின் இசையமைப்பாளர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1989இல் செய்த ஒரு கடற்கரை ஒலிநடையில், அதாவது ஓரிடத்தின் ஒலிகளைக் கவனித்துக் கேட்கவைக்கும் படைப்பில், நகர இரைச்சலுக்கு நடுவே பாறையில் ஒட்டிய சிற்றுயிர்களின் மெல்லிய சொடுக்கு கேட்கும். அவர் தன் குரலிலேயே பேசி, இந்த நகரத்தை ஸ்டூடியோவில் இப்போது அடக்கிவிட்டேன் என்று கேட்பவரிடம் சொல்லிவிடுகிறார். எனக்கு அந்த நேர்மை பெரிது. லாரியை நீக்கினால் அப்படி ஒரு காடு இருப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள், அது உண்மையில்லை. நீக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிக்ஸ் செய்கிறவர் இரவில் தனியாக உட்கார்ந்து அழித்துவிடக் கூடாது. என் யோசனை, லாரி வரும் அந்த அரை நிமிடம் மூவரும் வாசிப்பதை நிறுத்துங்கள். அது போனபின் எந்தப் பறவை முதலில் பாடுகிறது என்று பதிவில் கேட்டு, உங்களில் யார் அதற்கு அடுத்து வருவது என்பதை நான்காவது நண்பரிடம் விட்டுவிடுங்கள்.

புது வடிவம் முடிந்ததும் அனுப்புங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்