வாட் எண்ணைப் பார்த்து ஆம்ப் வாங்காதீர்கள்: ட்யூப் ஆம்ப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: அதிகம் செலவு செய்யாமல் நல்ல ட்யூப் ஆம்ப் (கண்ணாடி வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) எப்படி வாங்குவது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அவசரமான ஒன்றிரண்டும் நடுவில் இருக்கின்றன, தயவுசெய்து அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஒரு அறையில்தான் வாசிக்கிறேன். எப்போதாவது நண்பர்களோடு, டிரம்ஸ் இல்லாமல். 15 வாட் போதுமா, இல்லை இப்போதே 40 வாட்டுக்குப் போய்விடலாமா?

40 வேண்டாம். 15 வாட்டே உங்களுக்கு அதிகம். 5 வாட் பாருங்கள்.

கேட்டால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் கணக்கு இதுதான். வாட் இரண்டு மடங்கானால் சத்தத்தில் கூடுவது வெறும் 3 டெசிபெல். நம் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று படவேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் ஏறவேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். அப்படிப் பார்த்தால் 5 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் நடுவே இருப்பது 9 டெசிபெல்தான். எட்டு மடங்கு பவருக்கும், முதுகை ஒடிக்கும் எடைக்கும் காசு கொடுத்துவிட்டு, காதுக்குக் கிடைப்பது இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் குறைவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் 97 டெசிபெல் வருவது சகஜம். 5 வாட் கொடுத்தால் 104. அடைத்த அறையில் அதன் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்தால் காது இரைய ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ட்யூபை நன்றாக உழைக்க வைக்கும்போது வரும் அந்தத் தடித்த, விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் ஒலிக்காகத்தானே ட்யூப் ஆம்ப் வாங்குகிறோம்? 40 வாட் ஆம்பை அறையில் வைத்துக்கொண்டு வால்யூம் குமிழை ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே நகர்த்திக்கொண்டிருந்தால் அது வரவே வராது. 5 வாட்டிலும் முழு வால்யூமில் சத்தம் அதிகம்தான், அதனால் பவரைக் குறைக்கும் ஸ்விட்ச் உள்ள மாடலாகப் பாருங்கள். புகேரா வி5-இல் 5, 1, 0.1 வாட் என்று மூன்று நிலை உண்டு. வாக்ஸ் ஏசி4டிவி-யில் 4, 1, கால் வாட்.

டிரம்ஸ் வந்துவிட்டால் கதை வேறு. அப்போது 15 வாட் வேண்டும், அதிலும் ஒலி உடையாமல் (கரகரவென்று டிஸ்டார்ஷன் ஆகாமல்) சுத்தமாக வேண்டும் என்றால் 20-க்கு மேல் போகலாம்.

கேள்வி: "ட்யூப் ஆம்ப்" என்று போட்டு மிகக் குறைந்த விலைக்கு ஒன்று வருகிறது. உள்ளே ஒரே ஒரு ட்யூப்தான் என்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பெயர்தான் குழப்புகிறது. ப்ரீஆம்பில், அதாவது கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியில், ஒரு 12ஏஎக்ஸ்7 ட்யூபும் பவர் பகுதியில் டிரான்சிஸ்டரும் வைத்துச் செய்வதற்கு ஹைப்ரிட் என்று பெயர். ஆரஞ்சு மைக்ரோ டெரர் அந்த வகைதான். கையடக்கமானது, 20 வாட் தருகிறது, ஒலியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன, பவர் ட்யூப் உழைக்கும்போது வரும் ஒலியை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி ட்யூப் பட்டியலைப் பார்ப்பது. ஈஎல்84, 6வி6, ஈஎல்34, 6எல்6 இவற்றில் ஒன்று இருந்தால் அது பவர் ட்யூப். பட்டியலில் 12ஏஎக்ஸ்7 மட்டும் இருந்தால் அநேகமாக ஹைப்ரிட். ஒரு விதிவிலக்கு உண்டு: பிளாக்ஸ்டார் எச்டி-5 போன்ற சில சின்ன ஆம்ப்களில் 12பிஎச்7 என்ற குட்டி ட்யூபே பவர் வேலையைச் செய்கிறது, அவை முழு ட்யூப் ஆம்ப்தான்.

கேள்வி: ஈஎல்84, 6வி6, ஈஎல்34. எது நல்லது?

நல்லது கெட்டது என்று இல்லை. ஈஎல்84 சீக்கிரம் உடையும், மேல் சுரங்கள் மின்னும், வாக்ஸ் கம்பெனி ஆம்ப்களின் ஒலி என்று சொல்வது அதைத்தான். 6வி6 கொஞ்சம் உருண்டையாக, மென்மையாக உடையும், ஃபெண்டரின் சின்ன ஆம்ப்களில் இருப்பது. ஈஎல்34 நடு சுரங்களை முன்னால் தள்ளும், மார்ஷல் பக்கம். இதெல்லாம் மொத்த ஒலியில் ஒரு பங்குதான், ஃபெண்டர் புளூஸ் ஜூனியரிலும் இரண்டு ஈஎல்84 இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டு யாரும் வாக்ஸ் என்று சொல்லமாட்டார்கள். சர்க்யூட்டும் ஸ்பீக்கரும்தான் அதிகம் பேசுகின்றன.

கேள்வி: பழைய எபிஃபோன் வால்வ் ஜூனியர் வைத்திருக்கிறேன். ஒலி டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

விற்காதீர்கள்! உங்கள் கையில் இருப்பது ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு ஈஎல்84, ஒரே ஒரு வால்யூம் குமிழ். இதைவிட எளிமையான ட்யூப் ஆம்ப் கிடைப்பது அரிது, குறை அந்த 8 அங்குல ஸ்பீக்கரிலும் அது உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டியிலும்தான்.

நானும் இதே ஆம்பை வைத்துக்கொண்டு ஒரு வருடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். ட்யூப் மாற்றினேன், கம்பி மாற்றினேன், ஒன்றும் பெரிதாக மாறவில்லை. ஒருநாள் நண்பர் வீட்டில் பின்பக்கம் திறந்த 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது, அதில் இணைத்து கீழ் ஈ கம்பியை ஒருமுறை தட்டினேன். அதே 5 வாட், அதே குமிழ் நிலை, ஆனால் தரையில் காலுக்கடியில் அதிர்வு தெரிந்தது. பக்கத்து அறையிலிருந்து நண்பர் எட்டிப் பார்த்து "புது ஆம்பா?" என்று கேட்டார்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. 1 வாட்டுக்கு 94 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபெல் உள்ளதைப் போட்டால் 6 டெசிபெல் கூடும், அதாவது வாட்டை நான்கு மடங்காக்கியது போல. ஆம்பைத் தொடாமலே 5 வாட் 20 வாட் போல ஒலிக்கும். அதனால்தான் வாட்டுக்குக் கொடுக்கும் காசை ஸ்பீக்கருக்குக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஆம்பின் பின்புறம் எத்தனை ஓம் (மின்தடையின் அளவு) என்று எழுதியிருக்கிறதோ அதே ஓம் ஸ்பீக்கராக இருக்கட்டும்.

கேள்வி: இரவில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ப்ரீஆம்ப் அவுட்டிலிருந்து ஹெட்ஃபோனில் கேட்கலாமா?

கூடாது. ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. ஸ்பீக்கர் என்ற சுமை இல்லாதபோது, பவர் ட்யூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, ட்யூப் சாக்கெட்டிலோ டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயோ பொறி பறக்கும். ஆம்பிலேயே விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று அந்த டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கருக்குப் பதிலாக அதே சுமையைத் தரும் லோட் பாக்ஸ் என்ற பெட்டியை வைத்தால் தாராளமாகக் கேட்கலாம். ஆம்பிலேயே ஹெட்ஃபோன் துளை இருந்தால், அதைப் பற்றிக் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ஏழெட்டு பெடல் (காலால் அழுத்தி ஒலியை மாற்றும் பெட்டி) வைத்திருக்கிறேன். ஒலி முழுக்க அவற்றிலிருந்துதான். எந்த ஆம்ப்?

உங்களுக்கு மட்டும் என் 5 வாட் அறிவுரை பொருந்தாது. பெடலுக்குத் தேவை சீக்கிரம் உடையாத ஆம்ப், 15-இலிருந்து 22 வாட்டுக்குள் பாருங்கள். டிலே, ரிவர்ப் போன்ற எதிரொலிப் பெடல் இருந்தால் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடலை இணைக்கும் துளைகள்) இருக்கிறதா என்று கேளுங்கள். டிஸ்டார்ஷனை ஆம்பிலிருந்து எடுக்கிறவர்களுக்கு அது முக்கியம், பெடலிலிருந்தே எடுத்தால் அவ்வளவு அவசியமில்லை.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய 15 வாட் ஆம்ப் வாங்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் வாசித்துவிட்டுக் காசைக் கொடுக்காதீர்கள், அரை மணி நேரம் ஓடவிடுங்கள். நான் இப்படி ஒன்றைப் பார்க்கப் போனபோது முதல் பத்து நிமிடம் அருமையாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பின்பக்கமாகக் குனிந்து பார்த்தேன், இரண்டு பவர் ட்யூபில் ஒன்றின் சாம்பல் நிறத் தகட்டில் ஓரமாக மங்கலான சிவப்பு. முதலில் உள்ளே இழை எரிகிற வெளிச்சம்தான் விழுகிறதோ என்று நினைத்தேன், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தகட்டின் நடுவுக்குப் பரவியது. உடனே அணைக்கச் சொன்னேன். உள்ளே இழை ஆரஞ்சு நிறத்தில் எரிவது சரி, கண்ணாடி ஓரத்தில் நீலமாக ஒளிர்வதும் சரி, ஆனால் தகடு சிவந்தால் ட்யூபோ பயாஸோ (சும்மா இருக்கும்போது ட்யூபில் எவ்வளவு மின்சாரம் ஓடவேண்டும் என்ற அமைப்பு) கோளாறு. அதற்குப் பின்னால் வேறு செலவும் ஒளிந்திருக்கலாம்.

கிட்டாரைச் செருகாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள். லேசான உறுமல் பரவாயில்லை, அறையெல்லாம் கேட்கும் உறுமல் என்றால் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் களைத்துப் போயிருக்கலாம். பதினைந்து இருபது வருடம் ஆன ஆம்பில் இது வழக்கமான செலவு, அந்த அளவு விலையில் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் வால்யூமை ஏற்றிவிட்டு, ஒரு பென்சிலின் மரப் பக்கத்தால் ப்ரீஆம்ப் ட்யூப்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். மெல்லிய "டக்" கேட்பது இயல்பு. மணி அடிப்பது போல நீண்டு ஒலித்தாலோ கீச்சிட்டாலோ அந்த ட்யூபை மாற்ற வேண்டும். அது சின்னச் செலவுதான், பயப்பட வேண்டாம். குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஃபியூஸையும் பாருங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டு. பின்புறம் அச்சிட்டிருக்கும் ஆம்பியருக்கு மேல் எண் உள்ள ஃபியூஸ் போட்டிருந்தால், அடிக்கடி போய்க்கொண்டிருந்ததை யாரோ அப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆம்ப் வேண்டாம்.

ஆர்வத்தில் சேஸிஸைத் (சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை) திறந்து கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம், அது உயிரை எடுக்கும்.

கேள்வி: ட்யூபை வருடா வருடம் மாற்ற வேண்டுமாமே?

தேவையில்லை. ப்ரீஆம்ப் ட்யூப் பல வருடம் ஓடும். பவர் ட்யூப் தேய்வது எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒலி மந்தமாகி, கீழ் சுரங்கள் தொளதொளத்தால் மாற்றுங்கள். கேத்தோடு பயாஸ் (பயாஸ் தானே அமைந்துகொள்ளும்) ஆம்ப் என்றால் அதே வகை ட்யூபை நீங்களே மாற்றிவிடலாம், பயாஸ் சரிசெய்யும் வகை என்றால் டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து 120 வோல்ட் ஆம்ப் வருகிறது. இங்கே 230. ஓடுமா?

நேராகச் செருகினால் எரிந்துவிடும். சில ஆம்ப்களில் டிரான்ஸ்ஃபார்மரிலேயே இரண்டு வோல்டேஜுக்கும் வழி இருக்கும், பின்புறத் தகட்டைப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் எடையையும் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என் ஆம்ப் குமிழை 2-க்குத் திருப்பினாலே உடைகிறது. சுத்தமான ஒலியே கிடைப்பதில்லை. மாற்றித்தான் ஆகவேண்டுமா?

அதற்கு முன் ஒரு ட்யூபை மாற்றிப் பாருங்கள். கிட்டார் செருகும் துளைக்கு மிக அருகில் இருக்கும் ட்யூப்தான் வழக்கமாக முதல் கட்டம், அது 12ஏஎக்ஸ்7-ஆகத்தான் இருக்கும். அதன் பெருக்கம் 100. அதே சாக்கெட்டில் உட்காரும் 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60. முதலில் 5751 போடுங்கள், குமிழில் இடம் கூடும், ஒலியின் குணமும் அதிகம் மாறாது. போதவில்லை என்றால் 12ஏடி7. ஆம்பை அணைத்து, ட்யூப் நன்றாக ஆறிய பிறகு சாக்கெட்டிலிருந்து நேராக வெளியே இழுங்கள், லேசாக ஆட்டலாம், முறுக்கக் கூடாது. எடுத்த 12ஏஎக்ஸ்7-ஐத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள், வேறு ட்யூப் எதுவும் மக்கர் செய்தால் போட்டுப் பார்க்க உதவும்.