குடும்பமே சேர்ந்து, சம்பந்தமே இல்லாத ஒரு வெளிநாட்டு அணிக்காக அதிகாலையில் எழுந்து மேட்ச் பார்ப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

கேட்ட தோரணையைப் பார்த்தால் நீங்கள் புதிதாகக் கல்யாணமாகிப் போன வீட்டில் மாமனாரும் கொழுந்தனாரும் விடிவதற்குள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள், காபி போடுவது நீங்கள் என்று நினைக்கிறேன். காபியை அவர்களே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அது தனி விஷயம். "சம்பந்தமே இல்லாத" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான் என்னைச் சீண்டிவிட்டது. அதற்குத்தான் இந்தப் பதில்.

எங்களுக்குக் காரைக்குடி. எங்கள் குடும்பத்தின் அணி கனடாவின் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். விளையாட்டு ஐஸ் ஹாக்கி. தன்ராஜ் பிள்ளை ஆடிய ஹாக்கி இல்லை, கோவில்பட்டியில் ஆடுவதும் இல்லை. இது பனித்தரையில் சறுக்குக் காலணி போட்டு ஆடுவது. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வில்லை. அதற்குப் பக் என்று பெயர். ஓர் அணிக்கு கோலியோடு (கோல் காப்பவர்) சேர்த்து ஆறு பேர், இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி. காரைக்குடி வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஐஸ் ஹாக்கியா என்ற நக்கலை எங்களிடம் இதுவரை சொல்லாத சொந்தக்காரர் யாரும் இல்லை. நீங்களும் சொல்ல நினைத்தால் புதிதாக ஏதாவது யோசியுங்கள்.

சம்பந்தத்துக்கு வருகிறேன். அப்பச்சி வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி, அம்மாவை ஆத்தா என்போம்). முகப்பில் இத்தாலிப் பளிங்கு, சுவரில் ஜப்பான் ஓடு, கல்யாண வீட்டில் எல்லாரும் நின்று தலை சீவுகிற கண்ணாடி பெல்ஜியத்தில் இருந்து வந்தது. தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல் மட்டும்தான் நம்ம ஊர். அந்தக் காலத்தில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போய்த் தொழில் செய்த ஐயாக்கள் கட்டிய வீடு. இப்படி ஒரு வீட்டில் பிறந்தவளிடம் வந்து வெளிநாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? என் தம்பி போனது டொராண்டோ பக்கம், ஸ்கார்பரோவுக்கு. அங்கே தடுக்கி விழுந்தால் தமிழர் மேல்தான் விழ வேண்டும். அந்த ஊர் அணியை நாங்கள் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆரம்பித்தது 2013ல். தம்பிக்கு முதல் குழந்தை பிறக்கிற நேரம், அப்பச்சியும் ஆத்தாவும் அங்கே போயிருந்தார்கள். ஆத்தாவுக்குக் கைநிறைய வேலை. பத்தியச் சமையல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது என்று ஓடியது. அப்பச்சிக்கு ஒன்றும் இல்லை. வெளியே போனால் குளிர், பேச ஆள் கிடையாது. மில்லில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவர் என்பதால் தம்பி பார்க்கிற மேட்சில் யார் எத்தனை கோல் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். அந்த வருடம் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறாகி, சீசனே ஜனவரியில்தான் தொடங்கி 48 ஆட்டத்தோடு முடிந்திருந்தது. லீஃப்ஸ் 2004க்குப் பிறகு முதல் தடவையாக பிளே-ஆஃப்புக்குப் போயிருந்தது. ஊரே நீலச் சட்டையில் திரிந்ததாம்.

எதிரணி பாஸ்டன். ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிக்க வேண்டும். 3-1 என்று பின்தங்கி, அப்புறம் இரண்டு ஜெயித்து 3-3 ஆக்கி, ஏழாவது ஆட்டம் மே 13 அன்று. கடைசிப் பகுதியில் டொராண்டோ 4-1 முன்னிலை. தம்பி எங்களுக்குப் போன் போட்டுக் கத்த ஆரம்பித்துவிட்டான். பின்னால் அப்பச்சி குரல் கேட்டது: "ஐந்தொகை போடாம லாபம் பேசாதடா." அடுத்த பத்து நிமிடத்தில் 4-2. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கும்போது பாஸ்டன் தன் கோலியை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு ஆட்டக்காரரை இறக்கியது. தோற்கப்போகிற அணி கடைசியில் செய்கிற வேலை இது. ஆத்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்டா தம்பி, வாசல்ல நிக்கிறவனை உள்ளே கூப்பிட்டுக்கிட்டாகளே, வீட்டை யாரு பாக்குறது?" என்று கேட்டிருக்கிறார். கேட்டு வாய் மூடுவதற்குள் அடுத்தடுத்து இரண்டு கோல். 4-4. கூடுதல் நேரத்தில் பாஸ்டனின் பெர்ஜெரான் அடித்து 5-4. முடிந்தது.

அப்பச்சி அன்றிரவு சாப்பிடவில்லை என்று தம்பி சொன்னான். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் அந்த நோட்டும் இருந்தது.

இந்த அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையை (பிளே-ஆஃப் எல்லாம் தாண்டி ஜெயிப்பவர்களுக்குக் கிடைப்பது) வாங்கியது 1967ல். அண்ணா ஆட்சிக்கு வந்த அதே வருடம். "அதுக்கப்புறம் இங்கே எத்தனை ஆட்சி மாறிருச்சு, இவனுகளால ஒரு கோப்பை வாங்க முடியலையே" என்று அப்பச்சி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ஜெயிக்கிற அணியாக இருந்தால் இந்தப் பழக்கம் ஒரு வருடத்தில் விட்டுப்போயிருக்கும். ஜெயித்தால் பேச என்ன இருக்கிறது? தோற்றால்தான் யார் மேல் தப்பு என்று அப்பச்சியும் தம்பியும் ஒரு மணி நேரம் சண்டை போடலாம். முன்பெல்லாம் அவர்கள் இருவரும் போனில் பேசினால் சாப்பிட்டாயா, குளிரா, சரி ஆத்தாவிடம் கொடுக்கிறேன், இத்தோடு சரி.

எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்பீர்கள். தம்பி தன் வீட்டு டிவிக்கு எதிரே போனை நிறுத்தி வீடியோ கால் போட்டுவிடுவான். அதை நாங்கள் இங்கே பெரிய டிவியில் போட்டுக்கொள்வோம். (இது சட்டப்படி சரியா என்று கிளம்பும் அன்பர்களுக்கு: என் தம்பி எங்களோடு பேசிக்கொண்டிருக்கிறான், பின்னால் டிவி ஓடுகிறது. போதுமா?) அங்கே சாயங்காலம் ஏழு மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே காலை ஐந்தரை. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் நாலரை. அந்த வீடியோவில் பக் கண்ணுக்கே தெரியாது. ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறார்கள் என்பதை வைத்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்போம். ஆத்தா இதில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரர்.

ஆத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் 2020 பிப்ரவரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவராத்திரிக்குக் கண் விழித்த களைப்பு இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, டொராண்டோவில் கரோலைனாவோடு ஆட்டம். கரோலைனாவின் கோலி ஜேம்ஸ் ரைமர். 2013ல் பாஸ்டனிடம் தோற்றபோது எங்கள் கோலியாக நின்ற அதே ஆள், அப்புறம் அணி மாறிப் போனவர். அப்பச்சிக்கு அவரைப் பார்த்ததுமே ரத்தக்கொதிப்பு. ரைமர் முதல் பகுதியிலேயே அடிபட்டு வெளியே போனார். அடுத்து வந்த கோலியும் இரண்டாம் பகுதியில் மோதி விழுந்து போய்விட்டார். இப்படி ஆனால் இறக்குவதற்கென்று இரண்டு அணிக்கும் பொதுவாக உள்ளூர் ஆள் ஒருவரை அரங்கத்தில் உட்கார வைப்பது அப்போது வழக்கம். அன்று உட்கார்ந்திருந்தவர் டேவிட் அயர்ஸ், வயது 42. லீஃப்ஸின் பழைய அரங்கம் இருந்த கட்டிடத்தில், பனித்தரையைத் தேய்த்துச் சமப்படுத்துகிற ஸாம்போனி என்ற வண்டியை ஓட்டியவர். டொராண்டோக்காரர்களுக்குப் பயிற்சியில் கோலியாக நிற்பதும் உண்டு.

அப்பச்சி துள்ளி எழுந்தார். வண்டி ஓட்டுகிறவர் கோலியாம், இனி கோல் மழைதான் என்றார். முதலில் வந்த இரண்டு அடியும் கோல். அதற்குள் என் மகள் போனில் தேடி, அந்த ஆளுக்குச் சிறுநீரகம் பழுதாகி 2004ல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, சிறுநீரகம் கொடுத்தது அவருடைய அம்மா என்று சத்தமாகப் படித்துவிட்டாள். ஆத்தா எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "பெத்தவ குடுத்த உசிருல்ல. அவன் ஜெயிக்கட்டும்." அப்பச்சி, "நம்ம உப்பைத் தின்னுட்டு எதிராளிக்கு நிக்கிறான், அவனுக்குப் போய் பரிஞ்சு பேசுறியே" என்றார். "எந்தப் பக்கம் நின்னா என்ன" என்று ஆத்தா. அதற்கப்புறம் வந்த எட்டு அடியையும் அந்த மனிதர் தடுத்துவிட்டார். கரோலைனா 6-3. அங்கே தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான், இங்கே ஆத்தா முகமெல்லாம் சிரிப்பு. கரோலைனா ஆட்கள் அவரைக் கட்டிப்பிடித்துத் தண்ணீரை ஊற்றிக் கூத்தடித்ததைப் பிற்பாடு யூடியூபில் எத்தனை தடவை போடச் சொன்னார் என்று எனக்குக் கணக்கில்லை. அன்றைக்குக் காலைப் பலகாரம் வெள்ளைப் பணியாரம். யாருடைய வெற்றிக்கு என்று அப்பச்சி கேட்கவில்லை, ஆனால் சாப்பிட்டார்.

இந்தச் சத்தம் தாங்கவில்லை என்று எங்கள் பொது வீட்டின் எதிர்ச் சிறகில் இருக்கும் பங்காளி வீட்டில் புகார். நேரில் சொல்லாமல், ஊரில் பெரியவர் ஒருவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். சரி, விடிகாலைச் சத்தம் தப்புத்தான், அப்போதிருந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். மழைக்கு வளவில் ஒழுகுகிறது, நாட்டு ஓடு மாற்ற வேண்டும், பங்குப் பணம் கொடுங்கள் என்றால் அப்போது மட்டும் இவர்களுக்குக் காது கேட்காது. எங்களைக் கேட்காமல் யாரோ கல்யாண ஜோடிக்குப் போட்டோ எடுக்க வீட்டை விட்டார்கள். வந்தவர்கள் விளக்குக் கம்பியை இழுத்து இழுத்து ஆத்தங்குடிக் கல்லில் கீறல் போட்டுவிட்டுப் போனார்கள். ஐயா காலத்துக் கல். வாடகை யார் பைக்குப் போனது என்று கேட்டால் பேச்சு மாறுகிறது. வீடு எல்லாருக்கும் பொது என்றால் கீறலும் பொதுவா? இதற்கும் ஹாக்கிக்கும் தொடர்பில்லை என்று தெரியும். எழுத உட்கார்ந்தால் வந்துவிடுகிறது.

பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சில வார்த்தை. நாங்கள் கிரிக்கெட்டுக்கு எதிரிகள் இல்லை. எங்கள் வீட்டுச் செட்டியார், அதாவது என் கணவர், சென்னை அணி தோற்றால் கடையைக்கூடச் சீக்கிரம் மூடிவிடுவார். காசை இறைக்கிறோம் என்றால், தம்பி கொண்டுவந்த நீலச் சட்டை ஒன்றுதான் மொத்தச் செலவு. அதையும் அப்பச்சி வேட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போகிறார், ஏதோ கட்சிச் சட்டை என்று நினைத்து ஒருவர் கும்பிட்டாராம். தேசப்பற்று இல்லையா என்பவர்களுக்கு: இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி 2025ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியது, அதில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட வீடு காரைக்குடியில் எங்களுடையதாவது ஒன்று இருந்தது. நீங்கள் கேள்விப்பட்டீர்களா?

2023ல் டாம்பாவை ஆறாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் டவாரெஸ் அடித்த கோலில் வென்றோம். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு பிளே-ஆஃப் சுற்றைத் தாண்டியது அன்றுதான். அப்பச்சி கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், தூசி என்றார். அடுத்த சுற்றில் ஃப்ளோரிடா அடித்து அனுப்பிவிட்டது. 2025ல் மறுபடி அதே ஃப்ளோரிடா, ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கத்தில் 6-1. ரசிகர்கள் சட்டையைக் கழற்றிப் பனித்தரையில் எறிந்தார்கள். அப்பச்சி எறியவில்லை, மடித்து பீரோவில் வைத்துவிட்டார். அக்டோபரில் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்போது வீட்டில் புதுத் தகராறு. டொராண்டோவுக்குப் பக்கத்திலேயே மார்க்கமில் பிறந்து, ஒன்பது சீசன் எங்களுக்கு ஆடிய மிட்ச் மார்னர் அந்தக் கோடையில் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். தம்பியும் அப்பச்சியும் அவர் பேரை எடுத்தாலே துரோகி என்கிறார்கள். ஆத்தாவுக்கு மட்டும் மார்னர் இன்னும் நம்ம வீட்டுப் பிள்ளை. "பிழைக்கப் போன பிள்ளையை வையாதீக, நம்ம பிள்ளை மட்டும் எங்கே இருக்கான்?" என்று கேட்டதற்கு அப்பச்சியிடம் பதில் இல்லை. தம்பி அந்த நேரத்துக்குத் தூங்கப் போய்விடுவான் என்பதால் ஆத்தா வேகாஸ் ஆட்டத்தை யூடியூபில் சுருக்கமாகத்தான் பார்க்கிறார். அந்த ஊர் ஆட்டமெல்லாம் நமக்குக் காலை ஏழரைக்கு மேல்தான் தொடங்குகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இட்லியை ஊற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் பார்க்கலாமே, அதை நேரடியாகப் போட வழி பண்ணு என்று தினமும் என்னைப் பிடுங்குகிறார்.