பௌத்தச் சிந்தனையோடு மினிமலிச பாணியில் (தேவையற்றதைக் குறைத்து, மிகச் சிலவற்றை மட்டும் வைக்கும் பாணி) வரைந்த வியட்நாம் ஓவியர் யாராவது உண்டா?

உண்டு. கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருபவர் ஹனோய்க்காரரான லே தியெத் குவோங். 1962இல் பிறந்தவர், 2025இல் காலமானார். ஹனோய் பழைய நகரத்தில் லீ குவோக் சூ தெருவில் இருந்த அவருடைய வீடே ஓவியக் காட்சிக்கூடமாகவும் இருந்தது.

1986இல் 'தோய் மோய்' (வியட்நாம் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட கொள்கை) சீர்திருத்தம் வந்தபின், கட்டுப்பாடு தளர்ந்த சந்தோஷத்தில் ஹனோய் ஓவியர்கள் பலர் நிறத்தை வாரி இறைத்தார்கள். இவர் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனார்.

அவர் வரைந்த எருமை மேய்க்கும் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எருமை, ஒரு பையன், பின்னால் பரந்த ஒரே நிறம். வயல், வானம், நிழல் எதுவும் கிடையாது. வியட்நாம் கிராமத்தில் தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் தியன் பௌத்தம் (நாம் ஜென் என்கிறோமே, அதன் வியட்நாமிய வடிவம்) அறிந்தவர்களுக்கு இது வேறொன்றையும் சொல்லும். மனதை அடக்குவதை மாடு மேய்ப்பதாகக் காட்டும் பத்துப் படங்கள் அந்த மரபில் உண்டு. 12ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி குவோஆனின் வரிசையில் எட்டாவது படத்தில் மாடும் இல்லை, மேய்ப்பவனும் இல்லை, வெறும் வட்டம். குவோங் அந்த வட்டம்வரை போவதில்லை. பையனும் எருமையும் இருக்கிறார்கள், சுற்றி இருந்ததெல்லாம் போய்விட்டது.

அமெரிக்க மினிமலிசத்திலிருந்து இவரை நான் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். அமெரிக்கச் சிற்பி டொனால்ட் ஜட் செய்த வெறும் பெட்டி வடிவச் சிற்பங்களில் மனிதருக்கு இடமே இல்லை. இவரிடம் ஊரும் மனிதரும் கடைசிவரை இருந்தார்கள்.

சொல்லப்போனால், அவர் புத்தரையே வரைந்த படங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. புத்தர் உருவம் வந்துவிட்டால் நாம் கும்பிடத் தயாராகிவிடுகிறோம், அப்புறம் எங்கே படத்தைப் பார்ப்பது?

இன்னொரு விஷயம், அவர் அரக்கிலும் (lacquer எனப்படும் மரப்பால் பூச்சு) வேலை செய்திருக்கிறார். வியட்நாம் அரக்கு ஓவியத்தில் பல அடுக்கு பூசி, காயவிட்டு, பிறகு தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத்தான் அடியில் இருக்கும் நிறம் மேலே வரும். குறைத்து வரைகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடைக்காது. இணையத்தில் தேடுவதானால் எருமைப் படங்களில் தொடங்குங்கள். அரக்கு வேலையை மட்டும் கைப்பேசியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அந்த ஆழம் திரையில் பிடிபடாது.