பழைய கண்ணாடிச் சாமானில் விருந்து: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பழைய கண்ணாடி டம்ளர், ஜக், கிண்ணம் எல்லாம் வாங்கி வீட்டு விருந்தில் புழங்குவது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஷோகேஸில் பூட்டி வைப்பவர்களைவிட, அதில் ஊற்றிக் கொடுக்க நினைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும்.

பெரம்பூர் வாசகி: அக்கா, புது வீட்டுக்கு 20 பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். பழைய டம்ளர்தான் வைக்க ஆசை. ஆனால் ஆறு ஒரு மாதிரி, நாலு ஒரு மாதிரி என்றுதான் கிடைக்கிறது. முழு செட் எங்கே கிடைக்கும்?

முழு செட்டைத் தேடாதீர்கள். புழங்கிய வீட்டில் ஆறு டம்ளர் ஆறாகவே இருக்காது, ஒன்றிரண்டு எப்போதோ உடைந்திருக்கும். அட்டைப்பெட்டி கலையாமல் இருபதும் கிடைத்தால் விலை எக்கச்சக்கமாக இருக்கும்.

கலந்து வைக்கலாம், ஆனால் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும். ஒன்று நிறம், இல்லையென்றால் உயரம். தேன் நிற டம்ளராகச் சேர்த்தால் வடிவம் எப்படி இருந்தாலும் ஒரே குடும்பமாகத் தெரியும். நன்னாரி சர்பத்தை அதில் ஊற்றி, ஜன்னல் ஓரம் வெயில் படுகிற மேஜையில் வைத்துப் பாருங்கள். எலுமிச்சைத் துண்டும் சப்ஜா விதையும் அந்த நிறத்துக்குள் மிதக்கிற அழகு புது டம்ளரில் வராது. நிறமில்லாத டம்ளர்களாக இருந்தால் ரோஸ் மில்க் ஊற்றுங்கள், நிறத்தை அது பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, பழைய டம்ளர்கள் பெரும்பாலும் சின்னவை. 150 மில்லிதான் பிடிக்கும். வாங்கியதும் ஒவ்வொரு மாதிரியிலும் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள். 20 பேருக்கு இரண்டு சுற்று என்றால் 6 லிட்டர் சர்பத் வேண்டும், ஐஸ் தனி. சின்ன டம்ளர் என்பதால் எல்லாரும் கட்டாயம் இரண்டாவது கேட்பார்கள். ஜக்கை நிரப்பியே வைத்திருங்கள்.

கோவை வாசகர்: எங்கே வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் சொந்தக்காரர் வீட்டுப் பரண். கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்தது உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடை. வீடு காலி செய்கிறவர்கள் போடுகிற சாமானில் கண்ணாடிக்குப் பெரிய விலை வைக்க மாட்டார்கள்.

பெரிதாகத் தேட வேண்டுமென்றால் காரைக்குடி. முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. பர்மா, மலாயா, இலங்கை என்று வியாபாரம் செய்த செட்டிநாட்டுக் குடும்பங்கள் கொண்டுவந்து சேர்த்த சாமான்கள், பெரிய வீடுகள் பாகம் பிரிந்தபோது வெளியே வந்தன. மும்பைக்குப் போகிறவர்கள் சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட்டைப் பார்க்கலாம். ஆனால் அங்கேயும் இங்கேயும் நேற்றுச் செய்ததைப் பாட்டி காலத்துச் சாமான் என்று சொல்லி விற்பதுண்டு. உத்தரப்பிரதேசத்தில் பிரோசாபாத் பட்டறைகளில் வண்ணக் கண்ணாடி இன்றைக்கும் செய்கிறார்கள். நல்ல சாமான்தான், பழசு என்று சொல்லி அதற்கு விலை ஏற்றினால்தான் தப்பு. அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பல வருஷம் மேஜையில் உரசியிருந்தால் பொடிப்பொடியாகக் கீறல் இருக்கும், நாலா திசையிலும் ஒழுங்கில்லாமல் ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது ஒரே திசையில் ஓடும்.

பிறகு சோதனை. டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு எடுத்து வாருங்கள். விளிம்பைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத சில்லுகூட நகத்தில் தட்டும். அப்புறம் விரலால் ஒரு சுண்டு. நல்ல கண்ணாடி கணீர் என்னும், விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். அடியில் சின்னச் சில்லு போயிருந்தால் வாங்கலாம். வாய் வைக்கிற விளிம்பில் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எல்லாம் சரி, பழக ஆரம்பிக்க எது நல்லது என்றால், அடியில் 'யெரா' என்று கம்பெனிப் பெயர் அச்சுப் பதிந்த நம் நாட்டு டம்ளர்களைச் சொல்வேன். ஒன்று உடைந்தாலும் இன்னொன்று கிடைக்கும்.

திருச்சி வாசகி: சூடான பால் பாயசம் ஊற்றியதும் பழைய கண்ணாடிக் கிண்ணம் 'டப்' என்று இரண்டாகிவிட்டது. கனமான கிண்ணம்தானே, எப்படி?

கனமாக இருந்ததால்தான். சூடு பட்டதும் உள்பக்கம் உடனே விரிகிறது. தடித்த சுவரைத் தாண்டி வெளிப்பக்கத்துக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். அதுவரை உள்பக்கம் விரியத் தள்ளும், வெளிப்பக்கம் இடம் கொடுக்காது, அந்த இழுபறியில் கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். மெல்லிய டம்ளர் சில நேரம் தப்பிப்பதற்கும் இதுதான் காரணம்.

பழைய டம்ளர், கிண்ணம் பெரும்பாலும் சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. ஓவனில் வைக்கிற போரோசிலிகேட் வகை, அதே சூட்டுக்கு இதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அமெரிக்காவில் 1915-இல் பைரெக்ஸ் என்ற பெயரில் வந்தது அந்த வகைதான். பார்த்துப் பிரித்துச் சொல்வது சிரமம். அதனால் எல்லாவற்றையும் சாதாரணக் கண்ணாடியாகவே நினைத்துப் புழங்குங்கள். பாயசத்தைக் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, கிண்ணத்தை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு எதையும் ஊற்ற வேண்டாம்.

காபிக்கு டபராவும் டம்ளரும் போதும். அதைக் கண்ணாடிக்கு மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை.

திருநெல்வேலி வாசகர்: தாத்தா வைத்திருந்த கனமான வெட்டுக் கண்ணாடி ஜாடி ஒன்று மூடியோடு இருக்கிறது. எலுமிச்சை சர்பத் கலந்து அதிலேயே ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

கையில் தூக்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனம், சுண்டினால் நீண்டு ஒலிக்கும் நாதம், வெட்டுகளில் வானவில் நிறம் தெறிப்பது, இதெல்லாம் ஈயம் (ஆங்கிலத்தில் லெட், உடம்புக்கு விஷம்) கலந்த கிரிஸ்டல் கண்ணாடியின் அடையாளங்கள். ஐரோப்பிய விதிப்படி ஈயக் கிரிஸ்டல் என்று சொல்ல 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு! புளிப்பும் மதுவும் அந்த ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். 1991-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போர்ட் ஒயினை நான்கு மாதம் கிரிஸ்டல் ஜாடிகளில் வைத்துப் பார்த்தார்கள். ஈயம் லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 10.

அதற்காகத் தாத்தா ஜாடியைத் தூக்கிப் போட வேண்டாம். விருந்தன்று பந்தி தொடங்கும் நேரத்தில் குடிதண்ணீர் நிரப்பி மேஜைக்குக் கொண்டுவாருங்கள், முடிந்ததும் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடி, மோர், ஊறுகாய் எதுவும் அதில் கூடாது. இரவு முழுக்க எதையும் வைக்கவும் கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேறு ஜக்கிலிருந்து ஊற்றுங்கள்.

சேலம் வாசகி: டம்ளர் முழுக்க எண்ணெய் மிதக்கிற மாதிரி வானவில் பளபளப்பு. பூ வேலைப்பாட்டுக்கு நடுவே 'ஜெயின்' என்று ஆங்கில எழுத்து இருக்கிறது. இது என்ன?

உங்களுக்கு யோகம்! பிரோசாபாத்தில் இருந்த ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் செய்த டம்ளர் அது. வெளிநாட்டில் கார்னிவல் கிளாஸ் என்று சொல்கிற வகை. கண்ணாடி சூடாக இருக்கும்போதே உலோக உப்புக் கரைசலைத் தெளித்தால் மேலே மெல்லிய படலமாகப் படிந்து அந்தப் பளபளப்பு வரும். யானை, மீன், கை உருவத்தில் பூச்சாடிகளும் அங்கே செய்தார்கள். ஆஸ்திரேலியா, இங்கிலாந்தில் எல்லாம் தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் வைத்திருப்பவர்களுக்கே அதன் அருமை தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்தப் பளபளப்பு மேலே மட்டும்தான். நாரும் தேய்க்கிற பவுடரும் பட்டால் போய்விடும். மெல்லிய துணியும் இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீரும் போதும்.

புதுச்சேரி வாசகி: பூ, பொம்மைப் படம் போட்ட டம்ளர்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். பழைய கண்ணாடியில் வெளியே போட்ட வண்ணத்தில் ஈயமும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதுவும் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டருக்குள் படம் இருந்தால் உதடு நேராக அதில் படும். புது டம்ளரிலேயே இந்தப் பிரச்சினை வந்திருக்கிறது. 2010-இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் விற்ற கார்ட்டூன் டம்ளர்கள், ஏறக்குறைய 1.2 கோடி, காட்மியம் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டன. படம் போட்டதில் ஸ்பூன்களையோ ஸ்ட்ராக்களையோ நிறுத்தி வையுங்கள், பார்க்க நன்றாகவே இருக்கும். குழந்தைகளுக்கு எவர்சில்வர் கொடுங்கள்.

தாம்பரம் வாசகர்: வாங்கிய டம்ளர்கள் எல்லாம் மங்கலாக இருக்கின்றன. போகுமா?

ஒன்றை நனைத்துப் பாருங்கள். போர்த் தண்ணீர் உப்புப் படிவு என்றால், வினிகரில் பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்து ஒரு மணி நேரம் ஊற வைத்துத் துடைத்தால் போய்விடும். நனைந்திருக்கும்போது பளிச்சென்று இருந்து, ஊற வைத்த பிறகும் காய்ந்ததும் பழையபடி மங்கினால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப் போயிருக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பலமுறை போட்டால் இப்படி ஆகும். அது திரும்பாது. தங்கக் கோடு போட்டதை வினிகரில் ஊற வைக்காதீர்கள், கோடு மங்கிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும்.

வாய் குறுகின ஜாடியின் உள்ளே கறை இருந்தால் ஒரு கைப்பிடி பச்சரிசி, கொஞ்சம் வினிகர், வெதுவெதுப்பான தண்ணீர் போட்டுச் சுழற்றுங்கள்.

ஈரோடு வாசகி: ஒன்றுக்குள் ஒன்று வைத்த டம்ளர் மாட்டிக்கொண்டது.

உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் மெல்லத் திருகினால் வந்துவிடும். இனி அடுக்காதீர்கள்.

வேலூர் வாசகர்: பச்சை கலந்த மஞ்சள் கிண்ணம் ஒன்று, நோட்டு சோதிக்கிற நீல விளக்கில் பச்சையாக ஒளிர்கிறது. ஆபத்தா?

யுரேனியம் கலந்த கண்ணாடியாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) நிறத்துக்காகச் சேர்க்க ஆரம்பித்தார்கள். வீட்டில் வைத்திருப்பதில் பயமில்லை, கதிர்வீச்சு மிகக் குறைவு. ஆனால் தினமும் சாப்பிட, அதுவும் புளிப்பு வைத்துச் சாப்பிட, அது வேண்டாம். தண்ணீர் ஊற்றி மல்லிகை மிதக்கவிடுங்கள்.

மதுரை வாசகி: கொலுவுக்கு வருகிறவர்களுக்குச் சுண்டலைப் பழைய கண்ணாடிக் கிண்ணத்தில் கொடுக்கலாம் என்றால் மாமியார், "உடைஞ்சா என்ன பண்ணுவே?" என்கிறார். குழந்தைகளும் ஓடுவார்கள்.

உடையத்தான் உடையும். அதைத் தெரிந்துகொண்டேதான் புழங்க வேண்டும். மாமியாருக்கு மனசுக்கு நெருக்கமான இரண்டு கிண்ணத்தை அவரிடமே கொடுத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றதில் பரிமாறுங்கள். சுண்டல் ஆறியதாக இருக்கட்டும். தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் கிண்ணங்களை வைத்தால் வழுக்காது. குழந்தைகளுக்குத் தொன்னை.

கழுவுகிற வேலையை வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் தள்ளாதீர்கள். உடைந்தால் அவருக்குத்தான் பேச்சு விழும். பிளாஸ்டிக் டப்பில் அடியில் துண்டு போட்டு, ஒவ்வொன்றாக நீங்களே கழுவுங்கள்.

ஒன்று விழுந்துவிட்டால் முதலில் குழந்தைகளைச் சோபாவில் ஏற்றுங்கள். பெரிய துண்டுகளைக் கையுறையோ தடித்த துணியோ வைத்து எடுங்கள். துடைப்பம் போட்ட பிறகும் பொடி மிச்சமிருக்கும், பிசைந்த கோதுமை மாவு உருண்டையைத் தரையில் ஒற்றி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மாவோடு எல்லாவற்றையும் பழைய அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, குப்பை எடுக்க வருகிறவரிடம் விஷயத்தைச் சொல்லி, கையில் கொடுங்கள்.