பிரெஞ்சுக் கடற்படையின் விமானிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியக் கடற்படை பிரான்சிடம் ரஃபால் போர்விமானங்கள் வாங்குவது பற்றிய உங்கள் குறிப்பில், "கடலிலிருந்து பறக்கும் தொழிலில் பிரான்சுக்கு நூறாண்டுக்கும் மேலான மரபு உண்டு" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். ஏமாற்றம்தான். இரண்டாம் உலகப்போர் வரை அவர்களிடம் இருந்தது பேயர்ன் என்ற ஒரே விமானந்தாங்கிக் கப்பல். அதுவும் போரில் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. போருக்குப் பிறகு பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும் இரவல் கப்பல்கள், இரவல் விமானங்கள். விமானந்தாங்கிக் கப்பல் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், தண்ணீரிலிருந்து முதலில் பறந்தவரும் பிரெஞ்சுக்காரர். அப்படியிருந்தும் ஏன் இந்தப் பின்னடைவு? இதை மரபு என்று சொல்லலாமா? இன்னொன்று, ரஃபால் நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்குப் பொருந்துமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்,

நீங்கள் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. கப்பல்களை எண்ணிப் பார்த்தால் உங்கள் முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். ஆனால் பிரெஞ்சுக் கடற்படை விமானத்தின் கதை பெரும்பாலும் கப்பலுக்கு வெளியே நடந்த கதை. அதை விமானிகளின் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நீங்கள் குறிப்பிட்ட இருவரில் கிளெமான் அதேர் 1909ல் வெளியிட்ட நூலில், தடை ஏதுமில்லாத தட்டையான மேல்தளம், கீழ்த்தளத்தில் விமானங்களுக்கான கொட்டகை, மடக்கக்கூடிய இறக்கைகள், விமானத்தை மேலே ஏற்றும் லிஃப்ட் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு மார்ச் 28ஆம் தேதி, மார்செய் நகரத்துக் கப்பல் முதலாளிக் குடும்பத்தில் பிறந்த பொறியாளர் ஆன்றி ஃபாப்ர், பக்கத்திலுள்ள பெர் காயலில் 50 குதிரைசக்தி எஞ்சின் பொருத்திய விமானத்தைத் தண்ணீரிலிருந்து கிளப்பி அரை கிலோமீட்டர் போலப் பறந்தார். அதற்கு முன் அவர் எந்த விமானத்தையும் ஓட்டியதில்லை. நூற்றொரு வயதுவரை வாழ்ந்து 1984ல்தான் காலமானார். தான் தொடங்கி வைத்தது எங்கே போய் நின்றது என்பதைக் கண்ணால் பார்த்த மனிதர்.

பிறகு ஏன் பின்தங்கினார்கள்? என் பார்வையில் முதல் காரணம் நிலவியல். முதல் உலகப்போரில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்கியமான களம் மத்தியதரைக் கடல். வடகரையில் துலோன், தென்கரையில் துனீசியாவின் பிசெர்த், நடுவே கோர்ஃபு என்று விமானம் நிறுத்த எங்கும் துறை இருந்தது. எதிரியோ நீர்மூழ்கிக் கப்பல். அதைத் தேடத் தேவைப்பட்டவை கரையோரக் காயல்களிலிருந்து கிளம்பி நாளெல்லாம் கடல்மேல் சுற்றும் நீர்விமானங்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், நடுக்கடலில் விமானத்தால் முதன்முதலில் மூழ்கடிக்கப்பட்ட நீர்மூழ்கி பிரெஞ்சுக்காரர்களுடையதுதான். 1916 செப்டம்பரில் அட்ரியாட்டிக் கடலில் ஃபூக்கோ என்ற நீர்மூழ்கியை இரண்டு ஆஸ்திரிய நீர்விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. குண்டு போட்ட அதே விமானங்கள் தண்ணீரில் இறங்கி மாலுமிகளைக் காப்பாற்றின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. சில விமானங்களோடு போரில் இறங்கிய பிரெஞ்சுக் கடற்படையிடம் 1918ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இருந்தன. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை கரையிலிருந்து பறந்தவை. வடகடலில் ஜெர்மன் கப்பற்படையைத் துரத்த வேண்டியிருந்த பிரிட்டனுக்கு விமானத்தைக் கப்பலோடு கொண்டுபோக வேண்டிய தேவை இருந்தது. பிரான்சுக்கு அது அவ்வளவாக இல்லை.

அப்புறம் பேயர்ன். அது முதலில் பெரிய பீரங்கிகள் தாங்கும் போர்க்கப்பலாகத் தொடங்கப்பட்டது. போரால் வேலை நின்றுபோக, வெறும் கூடாகத் துலோனில் கிடந்தது. 1920ல் அந்தக் கூட்டின்மேல் பலகை அடித்து, குறுக்கே மணல்மூட்டை கட்டிய கயிறுகளை இழுத்து வைத்து, பால் தெஸ்த் என்ற இளம் அதிகாரி அதன்மேல் விமானத்தை இறக்கிக் காட்டினார். 1922 வாஷிங்டன் உடன்படிக்கை பெரிய போர்க்கப்பல்களுக்கு வரம்பு கட்டியது. விமானந்தாங்கிகளுக்கென்று பிரான்சுக்கு 60,000 டன் ஒதுக்கியது. பேயர்னை விமானந்தாங்கியாக மாற்றும் முடிவு அதன் பிறகே வந்தது. 1927ல் அது கடலுக்கு வந்தபோது தெஸ்த் உயிரோடு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டார். கப்பலின் உச்ச வேகமே சுமார் 21 நாட்தான், அதாவது மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒதுக்கப்பட்ட 60,000 டன்னில் மீதி கடைசிவரை காகிதத்திலேயே இருந்தது. பீரங்கிக் கப்பலே கடற்படை என்று நம்பிய அட்மிரல்கள் ஒரு பக்கம். 1928ல் உருவான விமான அமைச்சகம் மறு பக்கம். கரையிலிருந்து பறக்கும் கடற்படை விமானங்களில் பெரும்பகுதி அந்த அமைச்சகத்தின் கைக்குப் போய், 1936ல்தான் திரும்பி வந்தது. சொந்த வீட்டுக்குள்ளேயே இப்படி இழுபறி இருந்தால் கப்பல் எங்கே கட்டுவது?

ஆனால் இதே ஆண்டுகளில் அந்த விமானிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள்.

1928 மே மாதம் இத்தாலியரான நோபிலேயின் 'இத்தாலியா' ஆகாயக்கப்பல் வடதுருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனிமேல் விழுந்தது. தேடப்போக பல நாடுகள் முன்வந்தன. பிரெஞ்சுக் கடற்படை, அப்போதுதான் சோதனையில் இருந்த லாத்தாம் 47 என்ற நீர்விமானத்தைக் கொடுத்தது. மர உடல், இரட்டை அடுக்கு இறக்கை, நடுவில் முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின்கள். அட்லாண்டிக்கைக் கடப்பதற்காகச் செய்யப்பட்டது, பனிக்கடலுக்கு அல்ல. விமானி ரெனே கில்போ, ஆப்பிரிக்காவின் மேல் நீண்ட பயணங்கள் செய்து பேர் வாங்கியவர். ஜூன் 18 மாலை நார்வேயின் த்ரோம்சோவிலிருந்து கிளம்பியபோது விமானத்தில் ஆறு பேர். நால்வர் பிரெஞ்சுக்காரர்கள், இருவர் நார்வேக்காரர்கள். அந்த இருவரில் ஒருவர் தென்துருவத்தை முதலில் தொட்ட ரோல்ட் ஆமுண்ட்சென். நோபிலேக்கும் அவருக்கும் ஜென்மப்பகை. இருந்தும் தேடப் போனார். கிளம்பிய சில மணி நேரத்தில் ரேடியோ அடங்கிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் அந்த விமானத்தின் இறக்கை மிதவை ஒன்று மீனவர்கள் கையில் கிடைத்தது. இலையுதிர் காலத்தில் ஒரு பெட்ரோல் டாங்கியும் கிடைத்தது. கழன்றுபோன மிதவைக்குப் பதிலாக அந்த டாங்கியைப் பொருத்த முயன்றிருக்கிறார்கள் என்பது அதைப் பார்த்தவர்களின் முடிவு. அப்படியானால் விமானம் வானிலிருந்து நேராக விழுந்து நொறுங்கவில்லை. கடலில் இறங்கி, அந்தக் குளிரில், அலைக்கு நடுவே, கைக்குக் கிடைத்ததை வைத்து அதைப் பழுதுபார்க்க முனைந்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த டாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். வரலாற்றில் ஆமுண்ட்சென் பெயர் நின்றது. கில்போ, குவேர்வில், பிராசி, வாலெத் என்ற நால்வர் பெயரும் அதன் பக்கத்திலேயே வர வேண்டும்.

அடுத்து 1940. பேயர்னுக்கென்று பயிற்சி பெற்ற, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமான அணிகளைக் கரைக்கு இறக்கிவிட்டார்கள். மே 19ஆம் தேதி, வடக்கு பிரான்சில் பெர்லெமோன் அருகே முன்னேறி வந்த ஜெர்மன் டாங்கிகள்மேல் லுவார்-நியூபோர் விமானங்கள் இருபது போயின. பத்து திரும்பவில்லை. கப்பலைத் தாக்கச் செய்த மெதுவான விமானத்தைக் கொண்டுபோய் நிலத்துப் பீரங்கிகளின் வாயில் விட்டார்கள். பேயர்னோ அமெரிக்காவில் வாங்கிய விமானங்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கில் வந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் வீழ்ந்ததும் வழியை மாற்றிக்கொண்டு கரீபியக் கடலிலுள்ள மர்த்தினிக் தீவுக்குப் போய்விட்டது. அந்த விமானங்கள் அங்கேயே வெயிலிலும் மழையிலும் மக்கின. "போரில் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை" என்று நீங்கள் எழுதியது கப்பலைப் பொறுத்தவரை உண்மை. அதன் விமானிகளைப் பொறுத்தவரை அது உண்மையல்ல.

இன்னொரு சம்பவமும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜூன் 3ஆம் தேதி ஜெர்மானியர்கள் பாரிஸ் பகுதிமேல் குண்டு போட்டார்கள். நான்கு நாள் கழித்து, ஜூன் 7ஆம் தேதி, ஒற்றை விமானம் பெர்லினுக்குக் கிளம்பியது. பெயர் 'ஜூல் வெர்ன்'. அட்லாண்டிக் தபாலுக்காக ஏர் பிரான்சுக்குச் செய்த நான்கு எஞ்சின் ஃபார்மான் விமானம். கடற்படை அதை எடுத்துக் குண்டுகள் மாட்டியிருந்தது. தலைவர் ஆன்றி தாயியேர். போர்தோவிலிருந்து கிளம்பி, நேர்வழியில் போகாமல் வடகடல், டென்மார்க், பால்டிக் என்று சுற்றி, யாரும் எதிர்பார்க்காத வடக்குத் திசையிலிருந்து பெர்லினுக்குள் நுழைந்தார்கள். வந்திருப்பது ஒன்றல்ல, பல விமானங்கள் என்று கீழே இருப்பவர்கள் நினைக்க வேண்டும் என்பதற்காக எஞ்சின்களின் ஒத்திசைவைக் கலைத்து ஓட்டினார்கள். பெரிய குண்டுகளைப் பொறியை இழுத்து விட்டார்கள். சிறிய தீக்குண்டுகளைப் போடக் கருவி இல்லை. கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வெளியே வீசினார்கள். பிறகு ஜெர்மனியின் குறுக்கே நேராகப் பறந்து விடிகாலையில் பாரிஸ் அருகே ஓர்லியில் இறங்கினார்கள். அந்தப் போரில் நேச நாடுகள் பெர்லின்மேல் போட்ட முதல் குண்டு இது. பிரிட்டிஷ் விமானங்கள் அங்கே போனது ஆகஸ்ட் கடைசியில்தான்.

சேதம் பெரிதாக ஒன்றுமில்லை. பதினைந்து நாளில் பிரான்ஸ் சரணடைந்தது. தாயியேர், ஜெர்மனியோடு சமரசம் செய்துகொண்ட பிரெஞ்சு அரசான விஷி அரசின் கடற்படையிலேயே தங்கினார். 1942ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் அருகே வேவு பார்க்கப் பறந்தபோது பிரிட்டிஷ் போர்விமானங்கள் சுட்டதில் இறந்தார். பெர்லினுக்கு முதலில் போன மனிதர் நேச நாட்டுக் குண்டில் செத்தார் என்பது அந்தத் தலைமுறையின் கஷ்டம். அதற்கு நல்லவர் கெட்டவர் என்று பட்டம் கட்டி முடித்துவிட முடியாது.

இப்போது இரவல் காலம். 1945 முதல் பிரிட்டன் கொடுத்த திக்ஸ்முத், அரோமாஞ்ச், அமெரிக்கா கொடுத்த லஃபாயெத், புவா பெல்லோ என்று நான்கு கப்பல்கள். வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சியைக் காப்பாற்ற நடந்த போரில் அவை பயன்பட்டன. அந்தப் போரை நான் நியாயப்படுத்த மாட்டேன். வியட்நாமியப் படை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சு முகாமான தியன் பியன் பூவுக்குமேல் அரோமாஞ்சின் ஹெல்கேட் விமானங்கள் 1954ல் நாள்தோறும் பறந்தன. பெர்னார் க்ளோட்ஸ் என்ற விமானி ஏப்ரலில் சுடப்பட்டு, பாராசூட்டில் அந்த முற்றுகைக்குள்ளேயே இறங்கினார். கோர்சேர் விமானத்தின் கடைசி வகை பிரெஞ்சுக் கடற்படைக்கென்றே அமெரிக்காவில் செய்யப்பட்டது, மொத்தம் 94. இரவல் கப்பலில் பத்தாண்டு பறந்த இந்த அனுபவம்தான் 1961ல் கிளெமான்சோவாகவும் 1963ல் ஃபோஷ் ஆகவும் வெளிவந்தது. இரண்டும் பிரான்சிலேயே வடிவமைத்துக் கட்டியவை. அவற்றுக்காக அமெரிக்காவிடம் வாங்கிய 42 க்ரூசேடர் விமானங்களின் இறக்கையை மாற்றிச் செய்யச் சொன்னார்கள், பிரெஞ்சுக் கப்பலின் தளம் அமெரிக்கக் கப்பலின் தளத்தைவிடச் சிறியது என்பதால். 'க்ரூஸ்' என்று செல்லமாகக் கூப்பிட்ட அந்த விமானத்தை 1999 டிசம்பர் வரை ஓட்டினார்கள். மேல்தளத்தில் மஞ்சள் சட்டையோடு விமானங்களைக் கையசைத்து நகர்த்துபவர்களுக்கு அங்கே 'மஞ்சள் நாய்கள்' என்று பெயர். அவர்கள் கை காட்டாமல் எந்த விமானமும் ஓர் அடி நகராது. ஒரு கடற்படையின் மரபு என்று நான் எழுதியது இவர்களையும் சேர்த்துத்தான்.

அந்தக் கப்பல்களின் முடிவு சோகமானது. கிளெமான்சோவை உடைக்க குஜராத்தின் ஆலங்குக்கு அனுப்பினார்கள். உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் பற்றி வழக்கும் எதிர்ப்பும் எழ, 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் அதைத் திரும்ப அழைத்தார். கடைசியில் இங்கிலாந்தில் உடைத்தார்கள். பிரேசிலுக்கு விற்ற ஃபோஷை எந்தத் துறைமுகமும் ஏற்காமல் 2023ல் அட்லாண்டிக்கில் மூழ்கடித்தார்கள். தன் கப்பலின் நஞ்சை ஏழைத் தொழிலாளியின் கையில் தள்ளிவிடப் பார்த்ததை நான் மன்னிக்கத் தயாரில்லை.

சரி, விக்ராந்த். இந்தியக் கடற்படைக்கு பிரெஞ்சுக் கடற்படை விமானம் புதிதல்ல. பழைய விக்ராந்தில் நீர்மூழ்கி தேடிய அலிஸே விமானங்கள் பிரெஞ்சுக்காரர்களுடையவை. அவற்றுக்கான நம் 310ஆம் எண் அணி 1961ல் தொடங்கப்பட்டதே தெற்கு பிரான்சின் இயேரில்தான். 1971 போரில் அவை கிழக்கு வங்கக் கடற்கரையில் பறந்தன.

ரஃபாலின் கடற்படை வகை, கப்பல் தளத்திலுள்ள கேடபுல்ட் என்ற பொறி உந்தித் தள்ளிக் கிளம்புவதற்காகச் செய்யப்பட்டது. பிரான்சில் கரையில் கேடபுல்ட் இல்லாததால் 1992ல் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு ஃபோஷில் இறக்கினார்கள். நம் விக்ராந்தில் கேடபுல்ட் கிடையாது. முனை மேல்நோக்கி வளைந்த தளத்திலிருந்து சொந்த எஞ்சின் வேகத்திலேயே எழும்ப வேண்டும். அது முடியுமா என்று 2022 ஜனவரியில் கோவாவில் கரையிலுள்ள வளைதளத்தில் ஓட்டிப் பார்த்தார்கள், முடிந்தது. எனக்குக் கவலையாகத் தெரிவது வேறொன்று. ரஃபாலின் இறக்கை மடங்காது. லிஃப்டிலும் கீழ்த்தளத்திலும் அது அதிக இடம் கேட்கும். 2025 ஏப்ரலில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 26 விமானங்கள். அதில் 22 ஒற்றை இருக்கை கொண்டவை, கப்பலுக்கு. மற்ற நான்கும் இரட்டை இருக்கை கொண்டவை, கரையில் பயிற்சிக்கு மட்டும். அவை கப்பலில் இறங்காது.

அன்புடன்