புல்லுக்கு எதற்குச் சங்கம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுக்கு மூலனூர் அருகே 22 ஏக்கர் கொரங்காடு இருக்கிறது. அப்பா காலமான பிறகு என் பெயருக்கும் தம்பி பெயருக்கும் வந்தது. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். எங்கள் காட்டைச் சுற்றியிருந்த கொரங்காடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. சில மனைகளாகிவிட்டன, சில சோலார் நிறுவனங்களுக்குப் போய்விட்டன. பக்கத்துக் காட்டுக்காரர் நீண்ட காலக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்வேல மரங்களை வேரோடு சாய்த்துவிட்டார்கள்.

சுற்றுவட்டார நிலக்காரர்களைச் சேர்த்து ஒரு புல்வெளிப் பாதுகாப்புக் கூட்டமைப்பு தொடங்க நினைத்தேன். மண்டபம் பிடித்து முதல் கூட்டத்தை நடத்தினோம். கால்நடை மருத்துவர், வனத்துறை அதிகாரி, பறவை ஆர்வலர்கள் எல்லோரும் பேசினார்கள். நல்ல கூட்டம். இரண்டாம் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என் உறவினர்கள். "புல்லுக்கு எதற்கம்மா சங்கம்?" என்று என் பெரியப்பாவே கேட்டுவிட்டார். பணத்தாசை பிடித்த இந்த மனிதர்களுக்கு நிலத்தின் அருமையை எப்படிப் புரியவைப்பது? இப்படி ஒரு கூட்டு முயற்சியை எப்படி வழிநடத்துவது?

ச., மூலனூர்

அன்புள்ள ச.,

உங்கள் பெரியப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் மூன்றாவது கூட்டத்தைப் போட்டுவிடாதீர்கள்.

புல்வெளி என்றதும் ஊட்டியை நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி பக்கமெல்லாம் பட்டா நிலத்திலேயே மேய்ச்சல் காடு வைத்திருக்கிறார்கள். அதுதான் கொரங்காடு. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. அதில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. அந்தப் புல்லை ஆடும் மாடும் அடிவரை கறம்பினாலும் தூரில் உயிரை வைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு மழை விழுந்தால் மறுபடி தழைத்துவிடும். கோடையில் உதிரும் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காங்கயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த இனம். அரசு ஆவணங்களில் இதற்குப் புல்வெளி என்று பெயர் கிடையாது, வெறும் புஞ்சைதான்.

இனி உங்கள் பெரியப்பாவுக்கு வருகிறேன். கொரங்காடு அமைந்திருக்கும் விதமே தனியாட்சிக்கானது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் தலைமடைக்காரரோடு பேசித்தான் ஆக வேண்டும். அதனால் அங்கே பாசன சபை இருக்கிறது. கொரங்காட்டுக்காரருக்கு அந்தக் கட்டாயம் என்றைக்கும் இருந்ததில்லை. மழை அவரவர் காட்டில் விழுகிறது. வேலி அவரவருடையது. படலைச் சாத்திவிட்டால் மாட்டுக்கு மேய்ப்பவர்கூட வேண்டாம், அதுவே மேய்ந்து தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொள்ளும். கொங்கு விவசாயிக்குச் சங்கம் கட்டத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1972இல் மின்கட்டணப் போராட்டத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டே கோவை நகரத்தைத் திணறடித்தவர்கள் இவர்கள். காரணம் இருந்தால் திரளுவார்கள். புல் அவர்களுக்கு அப்படியொரு காரணமாக இருந்ததில்லை.

ஆகவே கூட்டமைப்புக்கு வேலை, வேலியால் தடுக்க முடியாத விஷயங்களில்தான் இருக்கிறது. எத்தனை உருப்படி ஆடுமாடு விடுவது, எப்போது காட்டுக்கு ஓய்வு கொடுப்பது, எந்த மரத்தைக் கழிப்பது என்பதெல்லாம் வேலிக்கு உள்ளே இருப்பவை. அவற்றை உரிமையாளரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் முதல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் படலைத் திறந்து உள்ளே வந்து பேசியிருக்கிறார்கள். அதிலும் வனத்துறை அதிகாரியை முதல் நாளே மேடையேற்றியது போதாதென்று, அவருக்குப் பின்னால் அரிய பறவைகளைப் பற்றி ஒருவர் பேசியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த காட்டுக்காரரின் மனதில் என்ன ஓடியிருக்கும்? 'இங்கே ஒரு பறவை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய் நாளைக்கு நம் பூமியில் நம்மையே கால்வைக்க விடமாட்டார்கள்.' அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். பயம் இருக்கிறது.

வேலியைத் தாண்டி வருபவற்றில் இன்று முதலில் நிற்பது நாய். கிளுவைக்கு வயதாக ஆக அடித்தூர் வெறுமையாகிவிடும். நடுவில் ஒன்று பட்டுப்போனால் அந்தச் சந்தில் வேலமுள்ளைத் திணித்துவைப்பார்கள். உள்ளே இருக்கும் ஆட்டை நிறுத்த அது போதும். வெளியிலிருந்து கூட்டமாக வரும் நாய்களை நிறுத்த அது போதாது. விடிகாலையில் பட்டிக்குப் போய், கழுத்தும் தொடையும் கிழிந்து பத்து இருபது உருப்படி கிடப்பதைப் பார்த்த மனிதர், மிச்சமிருப்பதை அடுத்த சந்தையிலேயே ஓட்டிவிடுவார். ஆடு போன பிறகு கொரங்காட்டில் வருமானம் ஏது? மறு ஆண்டு வேலி கட்ட ஆள் விட மாட்டார். அதற்கடுத்த ஆண்டு தரகர் வந்து திண்ணையில் உட்காருவார். சோலார் தகடுகளைப் பார்த்துவிட்டு நீங்கள் கோபப்படுகிறீர்கள். கதை நாயிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

2024, 2025 ஆண்டுகளில் காங்கயம், வெள்ளக்கோவில் வட்டாரத்தில் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்குச் சாலையில் நின்றவர்கள்தான் உங்கள் உறுப்பினர்கள். அவர்களை மண்டபத்துக்கு அழைப்பதற்கு முன்னால் நீங்கள் அங்கே போய் நின்றிருக்க வேண்டும். கறிக்கடைக் கழிவைச் சாலையோரத்தில் கொட்டுவதை ஓர் ஊராட்சி மட்டும் நிறுத்திப் பயனில்லை. நாய்க்கு ஊராட்சி எல்லை தெரியாது. பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகளும் பேரூராட்சியும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், நாய்களுக்குக் கருத்தடை ஒரே சமயத்தில் நடக்க வேண்டும், இழப்பீட்டுக்கான சான்றுக்காக ஒரு கிழவர் செத்த ஆட்டை வைத்துக்கொண்டு அலையக்கூடாது. பல ஊர்க்காரர்கள் கூடினால் மட்டுமே முடிகிற வேலைகள் இவை. 'புல்லுக்கு எதற்குச் சங்கம்' என்று கேட்ட பெரியப்பா இதற்கு எதற்கு என்று கேட்க மாட்டார்.

அமெரிக்காவில் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள் மெக்சிகோ எல்லையைத் தொடும் மூலையில் மால்பாய் எல்லைநிலக் குழு என்று ஒன்று இருக்கிறது. மாட்டுப் பண்ணைக்காரர்கள் 1994இல் தொடங்கியது. ஏறக்குறைய 8 லட்சம் ஏக்கர், அதில் கிட்டத்தட்ட பாதி தனியார் நிலம். அவர்களும் வேலிக்கு இந்தப்புறம் நான், அந்தப்புறம் நீ என்று இருந்தவர்கள்தான். அவர்களைச் சேர்த்துவைத்தது நெருப்பு. அந்த ஊர்ப் புல்வெளியில் அவ்வப்போது தீ ஓடினால்தான் புதர் அடங்கும். 1991இல் ஒரு தீ பிடித்தபோது, எரியட்டும், விட்டுவிடுங்கள் என்று நிலக்காரர்கள் சொல்லியும் கேட்காமல் அரசாங்கம் வந்து அணைத்துவிட்டது. தீ யாருடைய வேலியையும் பார்த்து நிற்பதில்லை, எனவே அதைப் பற்றி எல்லோரும் கூடிப் பேச வேண்டியிருந்தது. வார்னர் க்ளென் என்பவரின் பண்ணை வீட்டில் கூடினார்கள். பேச்சு அங்கிருந்து மற்ற விஷயங்களுக்குப் போயிற்று. (கொரங்காட்டுக்குத் தீ வைக்கச் சொல்கிறேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம்.)

அவர்கள் செய்ததில் இரண்டு விஷயங்கள் உங்களுக்கு உதவும். ஒன்று, புல் வங்கி. அங்கே 3 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட கிரே ராஞ்ச் என்ற பெரும்பண்ணை ஓர் அறக்கட்டளையின் கையில் இருந்தது. மழை பொய்த்து ஒருவர் நிலம் காய்ந்துவிட்டால், அவர் தன் மாடுகளைக் கொண்டுபோய் அங்கே மேய்க்கலாம். தன் நிலம் தேறும்வரை ஓய்வு கொடுக்கலாம். அந்தப் புல்லுக்கு ஈடாக அவர் கொடுப்பது பணமில்லை. தன் நிலத்தைத் துண்டு போட்டு மனைகளாக்கமாட்டேன் என்று சட்டப்படி எழுதிக்கொடுத்துவிட வேண்டும். ஆபத்துக் காலத்தில் கை கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நிலத்தின் அருமையைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தி அந்தக் கையெழுத்தை வாங்கவில்லை.

இரண்டாவது, சிறுத்தையைப் போன்ற ஜாகுவார். அந்த இனம் அமெரிக்காவில் இல்லாமலேயே போய்விட்டது என்று பலரும் நினைத்திருந்த காலம். 1996 மார்ச்சில் வார்னர் க்ளென் மலையில் நாய்களோடு வேட்டைக்குப் போனவர் ஜாகுவாரை நேருக்கு நேர் பார்த்தார். சுடாமல் படம் எடுத்தார். அதை வெளியே சொன்னால் அரசாங்கம் வந்து மேய்ச்சலுக்குத் தடை போடுமோ என்ற அச்சம் அங்கேயும் உண்டு, உங்கள் கூட்டத்தில் இருந்த அதே அச்சம்தான். ஆனாலும் படத்தை வெளியிட்டார். ஜாகுவார் மாட்டை அடித்தால் இழப்பீடு தருவதற்குக் குழு நிதி ஏற்படுத்தியது. கூட்டு தொடங்கிச் சில ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்திருந்ததால் அது முடிந்தது. முதல் கூட்டத்திலேயே ஜாகுவாரைக் கொண்டுவந்திருந்தால் இரண்டாம் கூட்டத்துக்கு அங்கேயும் உறவினர்கள்தான் வந்திருப்பார்கள்.

புல் வங்கியை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. நிலத்தின் மேல் நிரந்தரமான பாதுகாப்பு உறுதியை எழுதிவைக்கும் அந்த ஊர் ஏற்பாட்டுக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. குத்தகைப் பத்திரம் போடலாம், ஓர் ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் பதிவு செய்ய வேண்டும். நம் காட்டுக்காரர்கள் இதற்கு இலேசில் ஒப்பமாட்டார்கள். 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த நாளிலிருந்து, எழுத்தில் கொடுத்தால் நிலம் திரும்பி வராது என்ற பயம் கொங்கு நாட்டில் ஊறிப்போயிருக்கிறது. அதனால் மேய்ச்சல் குத்தகை வாய்ப்பேச்சிலும் வருடக் கணக்கிலும்தான் ஓடுகிறது. ஒரு வருடத்துக்கு மட்டும் குத்தகை எடுத்தவர் காட்டுக்கு ஓய்வு கொடுப்பாரா? கிளுவைச் சந்தை அடைப்பாரா? ஒட்ட மேய்த்துவிட்டுத்தான் போவார். அவர்மேல் குற்றமில்லை. உரிமையாளருக்குப் பயமில்லாத, குத்தகைக்காரருக்கு ஐந்தாறு ஆண்டு கால உறுதி தருகிற ஒரு பத்திர வாசகத்தை நல்ல வழக்கறிஞரை வைத்து எழுதி வாங்குங்கள். உங்கள் கூட்டமைப்பு வேறு எதையும் சாதிக்காவிட்டாலும் இது ஒன்று போதும். திருப்பூரிலும் கோவையிலும் இருந்துகொண்டு காட்டைச் சும்மா போட்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நிலத்தை உறுப்பினர்களின் ஆடுமாடுகளுக்கு விட்டால், அந்த இடைவெளியில் உறுப்பினர் தன் காட்டை உழுது கொழுக்கட்டை விதை தூவலாம், பட்டுப்போன வேலிக்குக் கிளுவைக் கிளை வெட்டி நடலாம். பதிலுக்கு இத்தனை ஆண்டுகளுக்கு விற்கமாட்டேன் என்று உறுதி கேளுங்கள். மால்பாய்க்காரர்கள் செய்ததற்கு நம்மூரில் இவ்வளவு நெருங்க முடியும்.

பணத்தாசை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக் காட்டுக்காரரின் வயது என்ன, வாரிசுகள் எங்கே இருக்கிறார்கள், நாய் எத்தனை முறை வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவர் அந்தப் புல்லைக் காப்பாற்றி வைத்திருந்தார், அதற்காக யாரும் அவருக்குக் காலணா கொடுக்கவில்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கயம் மாட்டினத்தைப் பேணி வளர்த்த காலம் வேறு. பெருநிலம் ஒருவர் கையில் இருந்தது, அவர் முடிவெடுத்தால் நடந்தது. இன்று அதே பரப்பு நூறு பட்டாக்களாகக் கிடக்கிறது. அதிலும் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாரிசுரிமைச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் பங்கு உண்டு. நிலத்தை விற்கும் நாளில் தரகர் முதலில் தேடிப்போவது வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைத்தான். உங்கள் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரையாவது அழைத்தீர்களா? பங்காளிகளை மட்டும் கூட்டிவைத்துப் பேசினால் பாதிக் கையெழுத்து வெளியே நிற்கிறது. நீங்களே அப்படியொரு மகள், இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்படி வழிநடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். 22 ஏக்கர் இருக்கிறது, வெள்வேல மரம் இருக்கிறது, கூட்டமைப்பு இருக்கிறது. ஓர் ஆடு, ஒரு மாடு பற்றிப் பேச்சே இல்லை. உங்கள் காட்டில் இப்போது எத்தனை உருப்படி மேய்கின்றன? இல்லையென்றால், பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுகிறது. இரண்டு மயிலைப் பசு, பத்துப் பதினைந்து ஆடு என்று தொடங்குங்கள். விலை பேசவும், கன்றுக்கு நோய் கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளவும் பெரியப்பாவை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். ஏமாற்றி விற்கப் பார்ப்பவர்கள் அங்கேயும் உண்டு, அவர் இருந்தால் நடக்காது. அந்த மருத்துவரையும் வனத்துறை அதிகாரியையும் விட்டுவிட வேண்டாம். பின்னால் தேவைப்படுவார்கள். ஆனால் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்காமல், நாய் கடித்த மறுநாள் பட்டிக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள்.

சங்கப் பதிவு பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், பெரிய சிரமமில்லை. இப்போதைக்கு வேண்டாம். பதிவு என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் யார் என்று எழுத வேண்டும். ஒரு நாய்ப் பிரச்சினையைக்கூடச் சேர்ந்து தீர்த்துப் பார்க்காதவர்கள் அந்த மூன்று பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோவார்கள். நம் ஊரில் அதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. வேலையைத் தொடங்கி இரண்டு மழைக்காலம் போகட்டும்.